ஓய்வெடுக்கப் போகும் பயணம்

வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு வேன் ஏறி, சனிக்கிழமை காலையில் ஊட்டியில் இறங்கி, தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, ரோஜா பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை என வரிசையாகப் பார்த்துவிட்டு, ஞாயிறு பைக்காராவையும் முடித்து அன்றிரவே மலையிறங்கித் திங்கள் காலை வேலைக்குப் போகிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஊர் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்தப் பயணத்தில் ஒரு குறையும் இல்லை. களைப்புத் தீரவேண்டும் என்று கிளம்பியிருந்தால், அந்தத் திட்டம் நோக்கத்துக்கு ஒத்துவராது. ஊர் பார்க்கும் பயணத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்குப் போடுகிறோம். ஓய்வுக்கான பயணத்தில் எதையெல்லாம் விடலாம் என்று கணக்குப் போடவேண்டும். இந்த அத்தியாயம் இரண்டாவது கணக்கைச் சொல்லித்தருகிறது. சிறியதாக, அடிக்கடி, ஒரே இடத்துக்குப் போய்வாருங்கள் என்பதே இதன் வாதம். அதற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் செய்முறைக்குப் போகலாம்.

நீண்ட விடுமுறையைவிட அடிக்கடி விடுமுறை

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. விடுமுறைக்குப் போகவிருந்தவர்கள் கிளம்பும் முன்பே, போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிவந்த பின் பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு காணாமல் போயிருந்தது. தங்கள் விடுமுறை மிகவும் நிதானமாக இருந்தது என்று சொன்னவர்களிடம் மட்டும் அது கொஞ்ச நாள் தங்கியது. அதே நாட்டில் ஜெசிகா டி ப்ளூம் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 23 நாள் விடுமுறை எடுத்த 54 ஊழியர்களைத் தொடர்ந்து விசாரித்தார்கள். அவர்களுடைய உடல்நலமும் மனநலமும் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் இரண்டும் பழைய நிலைக்கு இறங்கிவிட்டன. மூன்று வாரம் ஓய்ந்திருந்தாலும் பலன் ஒரு வாரத்தில் கரைகிறது என்றால், கையிலிருக்கும் விடுப்பு நாட்களை மொத்தமாக ஒரே தடவையில் செலவழிப்பது நல்ல கணக்காகத் தெரியவில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு தடவையாகப் பிரித்துக்கொண்டால், கிளம்பும் முன் வரும் உற்சாகமும் அத்தனை தடவை கிடைக்கிறது. 

இவ்வளவு சீக்கிரம் கரைகிற ஒன்றுக்குக் காசும் நேரமும் எதற்கு என்று கேட்கலாம். நேற்று இரவுத் தூக்கம் இன்று இரவுக்கு உதவாது என்பதற்காக யாரும் தூக்கத்தை விடுவதில்லை. ஓய்வும் அப்படித்தான், திரும்பத் திரும்ப எடுக்கவேண்டியது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ஊதியத்துடன் நீண்ட விடுப்பு கிடைக்கிற ஒரு நாட்டில் செய்த ஆய்வுகளை, ஞாயிற்றுக்கிழமைகூட உறுதியில்லாத நம் ஊர் வேலைகளுக்கு எப்படிப் பொருத்துவது? எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. ஆனால் நீண்ட விடுப்புக்கு வழியே இல்லாதவருக்குத்தான் இந்த முடிவு அதிகம் பயன்படும். அமெரிக்காவில் இதயநோய் வாய்ப்பு அதிகமிருந்த 35 முதல் 57 வயது வரையிலான 12,000க்கும் மேற்பட்ட ஆண்களை 9 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. அதில், ஆண்டு விடுமுறையைத் தவறாமல் எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நலமாகவும் வசதியாகவும் இருப்பவர்கள்தான் அதிகம் விடுமுறை போகிறார்கள் என்ற காரணமும் அதில் கலந்திருக்கலாம். ஆகவே பயணம் ஆயுளைக் கூட்டும் என்று இந்த நூல் வாக்களிக்கவில்லை. அந்த ஆய்வு கணக்கிட்டது விடுமுறையின் நீளத்தை அல்ல, எத்தனை ஆண்டுகள் தவறாமல் எடுத்தார்கள் என்பதை. நமக்கு வேண்டியது அந்த ஒரு செய்திதான்.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது? இரண்டு இரவுக்குக் குறையக் கூடாது. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது பலரும் அறிந்தது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு அதற்குக் காரணம் சொல்கிறது. பழகாத இடத்தில் முதல் இரவு, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருந்து சத்தங்களைக் கவனிக்கிறது. ஓர் இரவு மட்டும் தங்கித் திரும்புகிறவருக்கு அந்த அரைத்தூக்கம்தான் கிடைக்கும். தூக்கம் பிடிக்கிற இரண்டாம் இரவுக்கு முன்பே அவர் பெட்டியைக் கட்டிவிடுகிறார். சனி, ஞாயிறோடு ஒரு வெள்ளியையோ திங்களையோ சேர்த்து விடுப்பு எடுக்கச் சொல்வது இதனால்தான்.

இடமும் நாளும்: ஐந்து படிகள்

1. வீட்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் ஊர்களை மட்டும் எழுதுங்கள். சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம், புதுச்சேரி, ஏலகிரி. மதுரைக்காரர்களுக்குக் கொடைக்கானல், குற்றாலம். கோவைக்காரர்களுக்கு ஊட்டி, வால்பாறை. திருச்சிக்காரர்களுக்குக் கும்பகோணம், கொல்லிமலை. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு கூப்பிடு தூரம். இன்னும் தூரமான ஊர் அழகாக இருக்கலாம். அதை நீண்ட விடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. அந்தப் பட்டியலிலிருந்து ஒரே ஊரைத் தேர்ந்து, அங்கே ஒரே அறையில் இரண்டு இரவுக்கும் இடம் பிடியுங்கள். முதல் நாள் ஓர் ஊர், மறுநாள் இன்னோர் ஊர் என்றால் பெட்டி கட்டுவதிலும் அறைச் சாவி வாங்கிக் கொடுப்பதிலுமே பாதி நாள் போய்விடும். இரண்டாம் இரவும் முதல் இரவாகவே ஆகிவிடும்.

3. நாளைத் தேர்ந்தெடுப்பது ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். பொங்கல், ஆயுத பூஜை போன்ற தொடர் விடுமுறை நாட்களில் கிளம்பினால் கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கும் பரனூர் சுங்கச்சாவடியில் வழிக்கும் காத்திருக்கவேண்டும். அறை வாடகையும் கூடுதலாக இருக்கும். பண்டிகைக்கு அடுத்த வாரம் போங்கள். பள்ளிப் பிள்ளைகள் இல்லாத வீடுகள் செவ்வாய், புதன்கிழமைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

4. பருவத்தையும் அனுமதியையும் பாருங்கள். குற்றாலத்தில் சீசன் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியது. வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் போகிறவர்கள், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்கவேண்டும். கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரம்பும் வந்திருக்கிறது. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நின்று கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

5. நாள் முடிவானவுடன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்னதாகத் திறக்கிறது. டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் பயணம் உறுதியாகிறது; அன்றிலிருந்து எதிர்பார்ப்பும் தொடங்குகிறது. மேலே சொன்ன 2010 ஆய்வில் மகிழ்ச்சி கூடியிருந்தது அந்தக் காத்திருக்கும் காலத்தில்தான் என்பதை மறந்துவிடவேண்டாம்.

*குறிப்பு:* அறை பிடிக்கும்போது மூன்று கேள்விகளைத் தொலைபேசியில் கேளுங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா, அறை சாலையைப் பார்த்திருக்கிறதா, வெளியே உட்கார நாற்காலியும் நிழலும் உண்டா. ஓய்வுக்குப் போகிறவருக்குத் தொலைக்காட்சியைவிட நாற்காலி அதிகம் தேவைப்படும்.

காசு பற்றிய கவலைக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். செலவைக் கூட்டுவது பெரும்பாலும் தூரமும் இடங்களின் எண்ணிக்கையும்தான்: வண்டி வாடகை, நுழைவுக் கட்டணம், வழிச் சாப்பாடு. ஒரே ஊரில் இருந்தால் மூன்றும் குறையும். கடன் வாங்கிப் போகும் பயணத்தில் மாதத் தவணையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த நிலையில் இருப்பவர்கள் தங்காமல் ஒரு பகல் மட்டும் போய்வரலாம். காலையில் கிளம்பி, ஒரு ஏரிக்கரையிலோ அணைப் பூங்காவிலோ கோயில் பிராகாரத்திலோ நான்கைந்து மணி நேரம் இருந்துவிட்டு இருட்டும் முன் வீடு திரும்புவது. அதற்கும் கீழே வரும் விதிகள் எல்லாம் பொருந்தும்.

கிளம்பும் முன் வேலையை இறக்கிவைத்தல்

வேலைக்குப் பின் மீண்டெழுவதற்கு உதவுபவை நான்கு என்று ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனென்டாக்கும் அமெரிக்காவில் பணியாற்றும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் வகுத்தார்கள்: மனம் வேலையை விட்டு விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றைக் கற்பது அல்லது செய்துபார்ப்பது, தன் நேரத்தைத் தானே முடிவு செய்வது. நான்கிலும் கடினமானது முதலாவதுதான். உடல் ஏற்காட்டில் இருக்க, மனம் மாதக் கடைசிக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். விருப்பம் இருந்தால் மட்டும் மனம் விலகிவிடாது. அதற்கு முன்வேலை வேண்டும். முடியாத வேலை மனதில் அரித்துக்கொண்டே இருக்கும் என்பதும், அதை எப்போது எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டால் அந்த அரிப்பு அடங்கும் என்பதும் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனைகளில் தெரிந்தன. வேலை முடிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. திட்டம் எழுதப்பட்டிருந்தால் போதும். கீழுள்ள வரிசை அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. இரண்டு வாரம் முன்பே, உங்களை அழைக்கக்கூடியவர்களிடம் நாட்களைச் சொல்லுங்கள். கிளம்பும் அன்று சொன்னால் அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேரமிருக்காது; உங்களைத்தான் அழைப்பார்கள்.

2. கிளம்புவதற்கு முந்தைய நாள், பாக்கி வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து செய்யவேண்டிய ஒரு செயலையும் அதைச் செய்யப்போகும் நாளையும் குறியுங்கள். “வங்கி விஷயம்” என்று எழுதினால் மனம் நம்பாது. “செவ்வாய் 11 மணிக்கு மேலாளரைப் பார்த்துப் படிவம் கொடுக்கவேண்டும்” என்று எழுதுங்கள். தாளை மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

3. அவசரத்துக்கு ஒருவரை நியமியுங்கள். அலுவலகத்தில் ஒரே ஓர் ஆள், அதுவும் உண்மையிலேயே தலைபோகிற காரியத்துக்கு மட்டும் உங்களை அழைக்கலாம் என்று பேசிவையுங்கள்.

4. வேலை சார்ந்த வாட்ஸ்அப் குழுக்களின் ஒலியை நிறுத்துங்கள். பார்க்காமல் இருக்கவே முடியாதவர்கள் மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, ஒரே தடவையில் பார்த்து முடிக்கட்டும். காலையில் பார்ப்பவர் பகல் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடுவார்.

சொந்தக் கடை வைத்திருப்பவர், கறவை மாடு வைத்திருப்பவர், தனியாளாகத் தொழில் செய்பவர் ஆகியோருக்கு இதெல்லாம் எட்டாத பேச்சாகத் தோன்றும். அவர்களுக்கு விடுப்புச் சட்டமும் இல்லை, மாற்று ஆளும் இல்லை. இது நியாயமான மறுப்பு. அலுவலக ஊழியருக்காக எழுதப்படும் ஓய்வு நூல்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. தீர்வு ஒவ்வொரு தொழிலின் ஓட்டத்திலும் இருக்கிறது. பல ஊர்களில் சலூன்களுக்குச் செவ்வாய் விடுமுறை. அதோடு வியாபாரம் மந்தமான புதனைச் சேர்த்தால் இரண்டு நாள் கிடைக்கும். மளிகைக் கடைக்குச் சம்பள வாரம் முடிந்த மாத நடுப்பகுதி தோது. கடைக் கதவில் ஒரு வாரம் முன்பே அறிவிப்பு ஒட்டினால் வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் அடைத்தால்தான் வேறு கடை தேடுவார்கள். மாடு இருக்கும் வீட்டில் பக்கத்து வீட்டாரோடு கைமாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: இந்த மாதம் உங்கள் மாட்டை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்த மாதம் அவர்கள் மாட்டை நீங்கள். கறவைக்குப் புது ஆளை மாடு ஏற்கிறதா என்று இரண்டு மூன்று நாள் முன்பே பழக்கிப் பார்க்கவேண்டும்.

வீட்டில் யாருக்கு ஓய்வு?

குடும்பத்தோடு போகும் பயணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தத் திட்டமும் போடக் கூடாது. இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். பயணம் வந்தால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. முந்தைய இரவு புளியோதரை கிளறுவது, விடியற்காலையில் இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிப் பொட்டலம் கட்டுவது, எல்லார் துணியையும் அடுக்குவது, பிள்ளையின் மருந்தையும் மாமியாரின் கண்ணாடியையும் நினைவில் வைத்திருப்பது, திரும்பியதும் மூன்று நாள் அழுக்குத் துணியைத் துவைப்பது என அத்தனையும் பெரும்பாலும் ஒருவர் தலையில் விழுகிறது. வீட்டில் மற்ற எல்லாரும் ஓய்ந்து, ஒருவர் மட்டும் இரட்டிப்பாக உழைத்துத் திரும்பினால், அந்தப் பயணம் இந்த நூலின் அளவுகோலில் தோல்விதான்.

கையில் கட்டுச்சோறு கொண்டுபோவதுதான் சிக்கனம், சுகாதாரம் என்பார்கள். உண்மைதான், அப்படியானால் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளவேண்டும். கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு எல்லாரும் உட்கார்ந்து வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே அடுக்கட்டும், எதையாவது மறந்தாலும் பரவாயில்லை. முதல் நாள் காலை உணவு மட்டுமாவது கடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையோடு கூடிய வாடகை வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பதற்கு முன், அங்கே அடுப்புமுன் நிற்கப்போவது யார் என்று கேளுங்கள். திரும்பிய மறுநாள் துணியைச் சலவைக்குப் போடும் செலவையும் பயணச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

தங்கும் நாட்களில் ஒவ்வொரு பெரியவருக்கும், முக்கியமாக அம்மாவுக்கு, தினம் இரண்டு மணி நேரம் தனியாகக் கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகளை மற்றவர் பார்த்துக்கொள்வார். தனி நேரம் கிடைத்தவர் தூங்கலாம், நடக்கலாம், சும்மா உட்காரலாம். என்ன செய்தார் என்று கணக்குக் கேட்கக் கூடாது. சோனென்டாக் வகுத்த நான்கில் நான்காவது, தன் நேரத்தைத் தானே முடிவு செய்வது, நம் குடும்பங்களில் பெண்களுக்கு அரிதாகவே வாய்க்கிறது.

போய்ச் சேர்ந்த பின்: ஒரு நாளுக்கு ஒன்று

விதி எளிது: ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை. காலையில் ஒரு நடை, அல்லது ஒரு கோயில், அல்லது ஒரு படகுச் சவாரி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் திட்டமே வேண்டாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா என்ற குரல் உள்ளே எழும். கூட வந்தவர்களும் சொல்வார்கள். நான்கு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊரைத் தேர்ந்ததன் பயன் அப்போது தெரியும். அந்த ஊர் எங்கும் போய்விடாது. விட்டதை அடுத்த தடவை பார்க்கலாம். கொடைக்கானலுக்கு மூன்று தடவை போகிறவர் கோக்கர்ஸ் வாக்கை ஒரு தடவையும் தூண் பாறையை இன்னொரு தடவையும் நிதானமாகப் பார்ப்பார். ஒரே தடவையில் பத்து இடம் பார்த்தவருக்குப் பத்து இடத்திலும் வண்டி நிறுத்த இடம் தேடியதே பெரிதாக நினைவிருக்கும்.

பக்திப் பயணத்தையும் இப்படி அமைக்கலாம். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் சுற்றுவது ஒரு வேண்டுதல். அதை நிறைவேற்றுங்கள், ஆனால் ஓய்வின் கணக்கில் அதைச் சேர்க்கவேண்டாம். கும்பகோணத்தில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் சுவாமிமலை, மறுநாள் தாராசுரம் என்று வைத்துக்கொண்டால் அதே ஊர் வேறு மாதிரி இருக்கும். பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கின்றன. பறக்கும் பயணிக்கு அது தடை, ஓய்வெடுக்க வந்தவருக்கு அதுவே மதிய உறக்கத்துக்கான நேரம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இரண்டாம் இராசராசன் காலத்துச் சிற்பங்கள் விரலளவுக்குள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டவை. அரைமணி நேரத்தில் அவற்றைப் பார்க்க முடியாது. ஒரு காலைப்பொழுது முழுக்க அங்கேயே இருக்கலாம்.

முதல் நாள் எதிர்பார்த்தபடி இருக்காது. தூக்கம் குறைவாக இருக்கும்; சிலருக்குத் தலைவலியும் அசதியும் வரும். வேலையை நிறுத்தியவுடன் உடம்புக்கு முடியாமல் போவதை நெதர்லாந்தின் ஆட் விங்கர்ஹூட்ஸ் 2002இல் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 3 சதவீதத்தினர் அது தங்களுக்கு நேர்வதாகச் சொன்னார்கள். பலருக்குச் சும்மா இருப்பதே முதல் பகலில் தவிப்பாக இருக்கும். கை தானாகக் கைப்பேசியைத் தேடும். அதை அடக்கிப் போராடவேண்டாம், கைக்கு வேறு வேலை கொடுங்கள். உள்ளூர்ச் சந்தையில் காய் வாங்குவது, பிள்ளைகளோடு பல்லாங்குழியோ தாயமோ ஆடுவது, பரிசல்காரரிடம் துடுப்புப் பிடிக்கக் கேட்டுப்பார்ப்பது. ஓய்வு என்றால் அசையாமல் கிடப்பது என்ற எண்ணமே பலரைத் தோற்கடிக்கிறது. புதிதாக ஒன்றைச் செய்துபார்ப்பதும் ஓய்வில் சேர்த்திதான்.

*குறிப்பு:* வீட்டில் பயன்படுத்தும் தலையணை உறையையும் போர்வையையும் எடுத்துப்போங்கள். பழகிய துணியும் பழகிய நேரத்தில் படுப்பதும் முதல் இரவைக் கொஞ்சம் எளிதாக்கும்.

பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

எல்லாவற்றுக்கும் மேலாக, இரவுப் பயணத்தைத் தவிருங்கள். மனித உடல் தூக்கத்துக்கு மிகவும் இணங்கும் நேரம் பின்னிரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை. இரவு முழுக்க வேன் ஓட்டி வந்த டிரைவரை, நீங்கள் குளித்துக் கிளம்பியதும் மறுபடி ஊர் சுற்ற ஓட்டச் சொல்வதும், அன்றிரவே திரும்பச் சொல்வதும் உங்கள் மொத்தக் குடும்பத்தின் உயிரையும் பணயம் வைப்பதாகும். ஒரு நாள் வாடகை மிச்சம் என்று இதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கை ஏற்கவே முடியாது. பகலில் போங்கள். டிரைவருக்கு அறையில் படுக்கையும், வேளைக்குச் சாப்பாடும், குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கமும் கொடுங்கள். அவருக்கான படுக்கையை அறை பிடிக்கும்போதே கேட்டுவிடவேண்டும். வண்டிக்குள் படுத்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

மலைச்சாலையில் நீங்களே ஓட்டினால்:

1. இருட்டும் முன் மேலே போய்ச்சேருங்கள். பனிமூட்டமும் இருட்டும் சேர்ந்தால் வளைவுகள் தெரியாது. வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். சில வனச்சாலைகளில் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு.
2. ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். வளைவுக்கு முன் ஒலி எழுப்புங்கள், வளைவில் முந்தாதீர்கள்.
3. இறங்கும்போது, ஏறிய அதே குறைந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.
4. வாந்தி வருகிறவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். கைப்பேசி பார்க்கக் கூடாது.

தண்ணீரிடம் இன்னும் கவனம் வேண்டும். அருவியில் குளிக்கும் இடத்தில் மழை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது. தண்ணீர் நிறம் மாறினாலோ, இலைதழை மிதந்துவந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள். காவலர் தடுத்தால் வாதாடவேண்டாம். கடலில் இடுப்பளவுக்கு மேல் போகவேண்டாம். எங்கே இறங்கலாம் என்பதை அந்தக் கரை மீனவர்களிடம் கேளுங்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள், நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பு குறைந்த பின் கரை திரும்புங்கள். மது அருந்தியவர் தண்ணீரில் இறங்கவே கூடாது.

குளிர்ந்த மலையூரில் கரி அடுப்பையோ விறகுத் தணலையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும். குளியலறையில் கேஸ் ஹீட்டர் இருந்தால் சன்னலைத் திறந்துவைத்துக் குளியுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை, இரண்டு நாள் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம். அவசர எண்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033, ரயிலில் 139.

திரும்பி வருதல்

மாலை 4 மணிக்குள் வீடு வந்துசேரும்படி கிளம்புங்கள். கடைசி நேரம் வரை இருந்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பி, ஆறு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால், ஏற்கெனவே சீக்கிரம் கரைகிற பலன் வாசற்படியிலேயே கரைந்துவிடும். அன்று மாலைக்கு வேலை வைக்காதீர்கள். ரசமும் அப்பளமும் போதும், அல்லது கடையில் வாங்குங்கள். மறுநாள் அலுவலகத்தில் முதலில் எடுக்கவேண்டியது இழுப்பறையில் விட்டுப்போன தாளை. குவிந்த செய்திகளை அதற்குப் பிறகு, புதியதிலிருந்து பழையதை நோக்கிப் பாருங்கள். பாதி விஷயங்கள் நீங்கள் இல்லாமலே முடிந்திருக்கும். அந்த வாரத்துக்குள் அடுத்த பயணத்தின் நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள், ஊர் முடிவாகாவிட்டாலும் சரி.

பயணத்தால் தீராத களைப்பு

இரண்டு மூன்று தடவை இந்த முறைப்படி போய்வந்தும் களைப்பு கொஞ்சமும் குறையாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் பயணத்தை இன்னும் நன்றாகத் திட்டமிடவேண்டும் என்று தங்களைக் குறைசொல்லிக்கொள்ளக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு ஆகிய எல்லாமே தீராத அசதியாகத்தான் வெளிப்படும். மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலானவற்றைச் சாதாரணச் சோதனைகளிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத அழுகை ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வேலையே உடலைத் தின்கிற அளவுக்கு இருந்தால், 12 மணி நேர ஷிஃப்ட், வாரவிடுப்பு மறுப்பு, மிரட்டும் மேலாளர் போன்றவற்றைக் கொடைக்கானல் சரிசெய்யாது. அதற்குத் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ அணுகவேண்டும். வேறு வேலை தேடவும் வேண்டியிருக்கலாம். அந்த முடிவை எடுப்பதற்கு நிதானமாக யோசிக்க இரண்டு நாள் தேவைப்பட்டால், மேலே சொன்ன வரிசைப்படி அதற்காகவும் ஒரு தடவை போய்வரலாம்.